நேபா: மாநிலம் ஆவதற்கு முன்னால் அந்த மலைகள் யார் பொறுப்பில் இருந்தன?

பதிவு 1 · குறிஞ்சிநிலம்

ஊர் வீட்டைக் காலி செய்தபோது தாத்தாவின் தகரப் பெட்டிக்குள் ஒரு பள்ளிக்கூட அட்லஸ் கிடைத்தது. இந்தியப் படத்தில் அஸ்ஸாமுக்கு மேலே வளைந்து கிடக்கும் மலைப்பட்டையில் நீலப் பென்சிலால் ‘நேபா’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார். தவாங், போம்டிலா, வாலோங் மூன்றுக்கும் வட்டம். வாலோங் படத்திலேயே இல்லை. தாத்தாவே ஒரு புள்ளி வைத்துப் பெயர் எழுதியிருக்கிறார். 1962 சீனப் போரின்போது தினசரியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு குறித்திருக்க வேண்டும். அந்த வருடம்தான் பாட்டி தன் ஒற்றை வளையலைப் பாதுகாப்பு நிதிக்குக் கழற்றிக் கொடுத்தாள் என்று அம்மா சொல்வாள்.

வளையல் கொடுத்த பாட்டிக்கு அந்த மலையில் யார் வாழ்கிறார்கள் என்று தெரியாது. எனக்கும் நேற்றுவரை தெரியாது. ஒரு வாரமாகத் தேடித் தேடிப் படிக்கிறேன். படித்ததை இங்கே வைக்கிறேன், தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

நேபா என்பது வடகிழக்கு எல்லைப்புற முகமை என்ற ஆங்கிலப் பெயரின் சுருக்கம். இன்றைய அருணாச்சலப் பிரதேசம். 1972-ல்தான் அந்தப் பெயரும் யூனியன் பிரதேச அந்தஸ்தும் வந்தன. முழு மாநிலமானது 1987 பிப்ரவரி 20-ல். மிசோரமும் அதே நாளில் மாநிலமானது. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதுதான் என் கேள்வி. போர் பற்றிய எழுத்து மலை மலையாகக் கிடைக்கிறது, மனிதர்களைப் பற்றி அவ்வளவு இல்லை.

ஒரு கணக்கு மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். நேபாவின் பரப்பு சுமார் 83,700 சதுர கிலோமீட்டர், நம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. 1961 கணக்கெடுப்பில் அங்கே 3 லட்சத்து 36 ஆயிரம் பேர். அதே வருடம் சென்னை மாநிலத்தில் 3 கோடியே 36 லட்சம் பேர். அங்கே ஒருவர் என்றால் இங்கே நூறு பேர்.

பதிவு 2 · செங்கோடன்

அருமையான இழை. ஆனா அது திபெத்தோட பகுதியா இருந்து 1914-ல மக்மகான் கோடு போட்டு இந்த பக்கம் வந்ததுன்னுதானே படிச்சிருக்கோம்? சீனாக்காரன் இன்னைக்கும் அதைத்தானே சொல்றான்?

பதிவு 3 · ரேணுகா_மதுரை

செங்கோடன், அந்தப் பட்டை முழுவதற்கும் ஒரே கதை கிடையாது. இதை முதலில் பிரித்துக்கொண்டால்தான் மற்றது புரியும்.

மேற்கு ஓரம் தவாங். அங்கே மோன்பாக்கள், பௌத்தர்கள். பெரிய மடம் இருக்கிறது. ஆறாவது தலாய் லாமா அந்தப் பக்கத்தில்தான் 1683-ல் பிறந்தார். திபெத்தின் சோனாவிலிருந்து அதிகாரிகள் வந்து வரி வாங்கிப் போனதும் உண்மை.

கிழக்கே நகர்ந்தால் நிஷி, ஆபதானி, தாகின், ஆதி, மிஷ்மி என்று வேறு உலகம். அவர்களை எந்த லாமாவும் ஆளவில்லை, எந்த ராஜாவும் ஆளவில்லை. ஆதிகளுக்கு கெபாங், ஆபதானிகளுக்கு புலியாங் என்று ஊர்ச்சபைகள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. வழக்கு, எல்லைத் தகராறு, களவு, கல்யாணப் பஞ்சாயத்து எல்லாம் அந்தச் சபையில்தான். தென்கிழக்கே காம்ப்டிகள், சிங்போக்கள், நாக்டேக்கள், வாஞ்சோக்கள் இடையே தலைவர்கள் உண்டு. ஆக, ஒரே பட்டைக்குள் மடத்து வரியும் இருந்தது, சபை ஆட்சியும் இருந்தது, தலைவர் ஆட்சியும் இருந்தது.

கீழே சமவெளியில் அஸ்ஸாமை ஆண்ட அகோம் ராஜாக்கள் இவர்களோடு ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். பெயர் ‘போசா’. அடிவாரத்தில் குறிப்பிட்ட சில கிராமங்களிலிருந்து மலைக்காரர்கள் வருடா வருடம் பொருள் வாங்கிக்கொள்ளும் உரிமை அது. பிரிட்டிஷார் 1826-ல் பர்மாவோடு செய்த யந்தாபோ உடன்படிக்கைக்குப் பிறகு அஸ்ஸாமைப் பிடித்தபோது இந்தப் பழக்கத்தையும் சேர்த்தே வாங்கினார்கள். பிறகு பொருளைப் பணமாக மாற்றி, நேரடியாக வசூலிப்பதை நிறுத்தி, அரசாங்கமே கொடுப்பதாகச் செய்தார்கள். உரிமையாக இருந்தது உதவித்தொகை ஆகிவிட்டது. எனக்கு இந்தக் கதையின் முதல் திருப்பம் அங்கேதான் தெரிகிறது.

பதிவு 4 · பயணி_நெல்லை

நான் போன வருஷம் இட்டாநகர் போனேன். பந்தர்தேவா கேட்ல நிறுத்தி இன்னர் லைன் பெர்மிட் கேட்டாங்க. ஆன்லைன்ல எடுத்து வச்சிருந்தேன், பிரச்சினை இல்ல. ஆனா சொந்த நாட்டுக்குள்ள போக சீட்டு வாங்கணுமான்னு மனசு கஷ்டமாத்தான் இருந்தது. இது 62 போருக்கு அப்புறம் வந்த ஏற்பாடா?

பதிவு 5 · குறிஞ்சிநிலம்

இல்லை பயணி, அதற்கு 89 வருடம் முன்னாலேயே வந்துவிட்டது. 1873-ல் வங்காளக் கிழக்கு எல்லை ஒழுங்குமுறை என்று ஒரு சட்டம். மலையடிவாரத்தில் ஒரு கோடு. அனுமதிச் சீட்டு இல்லாமல் அதைத் தாண்டக்கூடாது. நாட்டின் எல்லை அதற்கும் அப்பால் எங்கோ மலைமுகட்டில் இருந்தது. அதனால்தான் இதற்கு உள்கோடு என்று பெயர்.

ஏன் போட்டார்கள் என்பது முக்கியம். அன்றைக்கு அஸ்ஸாமில் தேயிலைத் தோட்டங்கள் மலையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. ரப்பர் பால் எடுப்பவர்களும் யானை பிடிப்பவர்களும் காட்டுக்குள் புகுந்தார்கள். மலைக்காரர்கள் அடித்தால் அரசாங்கம் படை அனுப்ப வேண்டும், அதற்குச் செலவு. அந்தச் செலவுக்கு அஞ்சிப் போட்ட கோடு அது. மலைமக்களின் நிலம் பிழைத்தது அதன் பக்கவிளைவு. ஆனால் அந்தப் பக்கவிளைவுதான் இன்றைக்கு அவர்களுக்குப் பெரிய காப்பு. நம் நீலகிரியில் தோடர்களுக்கும் படகர்களுக்கும் இப்படி ஒரு கோடு இருந்திருந்தால் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. கேட்டில் நின்ற அந்தப் பத்து நிமிடத்தை அந்தக் கண்ணோடு பாருங்கள்.

பதிவு 6 · ஓய்வுபெற்றவன்_வேலூர்

தம்பிகளா, இழையைப் படித்ததில் மிகுந்த சந்தோஷம். நான் ராணுவத்தில் சிக்னல்ஸில் இருந்தவன். 1975 கடைசியிலிருந்து 1977 நடு வரை பாசிகாட், ஆலோங் பக்கம் வேலை. அங்கே ‘நேபா’ என்ற பேர் கெஜட்டில் போன பிறகும் வாயில் போகவில்லை. லாரி டிரைவரும் நேபா என்பான், கேன்டீன்காரனும் நேபா என்பான்.

ஒன்று மட்டும் திருத்தம். ‘அபோர்’ என்று பழைய புத்தகங்களில் வரும். சமவெளிக்காரன் வைத்த பேர் அது, அடங்காதவன் என்று அர்த்தம். அவர்கள் முகத்துக்கு நேரே அதைச் சொன்னால் பேச்சு அத்தோடு முடிந்தது. ஆதி என்றால்தான் உட்காரச் சொல்வார்கள். அதேபோல ‘டஃப்லா’ கூடாது, நிஷி.

பதிவு 7 · குறிஞ்சிநிலம்

ஐயா, வணக்கம். உங்களைப் போல ஒருவர் வருவார் என்று எதிர்பார்க்கவே இல்லை. நீங்கள் இருந்த பாசிகாட்டுக்கு மேலேதான் அடுத்த கதை நடக்கிறது.

1911 மார்ச்சில் சதியாவில் இருந்த அரசியல் உதவி அதிகாரி நோயல் வில்லியம்சன் சியாங் ஆற்றோரமாக மேலே போனார். கோம்சிங் என்ற ஊரில் வெட்டிக் கொல்லப்பட்டார். கூடப் போன டாக்டர் கிரிகர்சன் பாங்கியில் கொல்லப்பட்டார். சுமைகாரர்கள் பலரும் செத்தார்கள். அந்த வருடக் கடைசியில் ஜெனரல் பவர் தலைமையில் படை ஏறியது. ஆதிகள் மூங்கில் அரண் கட்டி, பாதைக்கு மேலே கற்களை அடுக்கி வைத்து, படை வரும்போது கயிற்றை அறுத்து உருட்டிவிட்டார்கள். டிசம்பரில் கெகர் மோனியிங் பாறையில் சண்டை. துப்பாக்கி ஜெயித்தது. கெபாங் என்ற ஊர் எரிந்தது. வில்லியம்சனைக் கொன்ற மத்மூர் ஜாமோ அந்தமான் சிறைக்கு அனுப்பப்பட்டார்.

நம் பாடப்புத்தகத்தில் அந்தமான் என்றால் ஒரு பெயர்ப்பட்டியல் வரும். அதில் மத்மூர் ஜாமோ பெயரை நான் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும்.

இந்தப் படையெடுப்போடு மிஷ்மி மலைக்கும் வேறு பக்கங்களுக்கும் அளவையாளர்களை அனுப்பினார்கள். 1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற இரண்டு அதிகாரிகள் திபெத் பக்கமாகச் சுற்றி தவாங் வழியே இறங்கினார்கள். அவர்கள் கொண்டுவந்த விவரத்தை வைத்துத்தான் 1914 மார்ச்சில் பிரிட்டிஷ் இந்தியாவின் வெளியுறவுச் செயலர் மக்மகானும் திபெத்தின் பிரதிநிதி லோன்சென் ஷாத்ராவும் டெல்லியில் கடிதம் மாற்றிக்கொண்டார்கள். சீனப் பிரதிநிதிக்கு அந்தக் கடிதப் பரிமாற்றத்தில் இடமில்லை. வரைபடத்தின் அளவு ஓர் அங்குலத்துக்கு எட்டு மைல். அந்த அளவில் பேனா முனையின் தடிமனே ஒரு பள்ளத்தாக்கை மறைத்துவிடும். 1962-ல் நம்கா சூ ஓடைக்கரையில் ‘கோடு இந்த முகடா, அந்த முகடா’ என்று நடந்த சண்டைக்கு வித்து அங்கேயே இருக்கிறது.

அதே 1914-ல் தர்ரங், லக்கிம்பூர் மாவட்டங்களின் மலைப்பகுதிகளைப் பிரித்து வடகிழக்கு எல்லைப்புறப் பகுதி என்று தனி நிர்வாகமாக்கினார்கள். மாநிலமாவதற்கு 73 வருடம் முன்னால். கணக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பதிவு 8 · செங்கோடன்

படையெடுத்து ஊரை எரிச்சு, கோடு போட்டு, அதுக்கு அப்புறம் என்ன செஞ்சாங்க? ஸ்கூல், ஆஸ்பத்திரி, ரோடு?

பதிவு 9 · ரேணுகா_மதுரை

ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. 1919 சட்டத்தில் ‘பிற்பட்ட பகுதி’ என்றார்கள். 1935 சட்டத்தில் ‘விலக்கப்பட்ட பகுதி’ என்றார்கள். விலக்கப்பட்ட என்றால், அஸ்ஸாம் சட்டசபைக்கு அங்கே வேலை இல்லை, கவர்னரே நேரடியாகப் பார்த்துக்கொள்வார் என்று பொருள். பார்த்துக்கொண்டது என்னவென்றால், குளிர்காலத்தில் ஒரு அதிகாரி சிப்பாய்களோடு நடந்து போய், ஊர்ப்பெரியவருக்குச் சிவப்புக் கோட்டு கொடுத்துவிட்டு, மழைக்கு முன்னால் இறங்கிவிடுவார்.

மக்மகான் கோட்டையே இருபது வருடம் மறந்துபோனார்கள் என்றால் நம்புவீர்களா? 1935-ல் கிங்டன்-வார்டு என்ற தாவர ஆய்வாளர் அனுமதியில்லாமல் திபெத்துக்குள் போய்ச் சிக்கினார். எல்லை எது என்று கேள்வி வந்தபோதுதான் ஓலஃப் காரோ என்ற அதிகாரி கோப்புகளைத் தோண்டினார். 1938-ல் லைட்ஃபுட் தலைமையில் ஒரு சிறு படை தவாங் போனது. போய்விட்டுத் திரும்பிவிட்டது.

இரண்டாம் உலகப்போரில் ஜப்பான் பர்மாவுக்குள் வந்ததும் அவசரம் பிடித்தது. 1944-ல் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப் என்ற மானிடவியலாளரைச் சிறப்பு அதிகாரியாக சுபன்சிரி பக்கம் அனுப்பினார்கள். ஜீரோ பள்ளத்தாக்கில் ஆபதானிகளின் நெல்வயலைப் பார்த்து அவர் வியந்து எழுதியிருக்கிறார். உழ மாடு கிடையாது, ஏர் கிடையாது, கையால் மண்ணை அள்ளி வரப்புக் கட்டி, வாய்க்கால் நீரைப் பகிர்ந்து நடவு. தஞ்சாவூர்க்காரர்கள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். ‘பிற்பட்ட பகுதி’ என்று சட்டம் சொன்னது இந்த வயலையும் சேர்த்துத்தான்.

பதிவு 10 · குறிஞ்சிநிலம்

ரேணுகா அக்கா, சுதந்திரத்துக்குப் பிந்தைய பகுதியை நான் எழுதிவிடுகிறேன், நேபாவின் பழங்குடி ஆலோசகராக இருந்த எல்வின் பற்றி நீங்கள் எழுதுங்கள்.

1950 ஆகஸ்ட் 15, சுதந்திரம் வந்து மூன்று வருடம் நிறைந்த நாளின் மாலை. 8.6 அளவில் நிலநடுக்கம். மலைகள் சரிந்து ஆறுகளை அடைத்தன. சுபன்சிரி சில நாள் அடைபட்டு நின்று, உடைத்துக்கொண்டு கீழே பாய்ந்தது. பிரம்மபுத்திராவின் படுகையே மேடேறிப்போனது. நிர்வாகத்தின் வாசலாக இருந்த சதியா ஊரை அடுத்தடுத்த வெள்ளங்கள் தின்றுவிட்டன. ஆக, புதிய அரசு மலைக்குள் கால் வைக்கும்போது பாதையும் இல்லை, வாசலும் இல்லை.

அதே ஆண்டு சீனப்படை திபெத்துக்குள் நுழைந்தது. 1951 பிப்ரவரியில் மேஜர் பாப் காதிங், அஸ்ஸாம் ரைபிள்ஸ் வீரர்களோடு நடந்து தவாங்கை அடைந்தார். மணிப்பூரைச் சேர்ந்த தாங்குல் நாகா அவர். துப்பாக்கி வெடிக்கவில்லை. சோனாவுக்குப் போய்க்கொண்டிருந்த வரியை நிறுத்தினார். இந்திய நிர்வாகத்தை அங்கே நிறுவியது டெல்லியிலிருந்து வந்த யாரோ அல்ல, இன்னொரு மலையின் பிள்ளை. அவர் பின்னாளில் பர்மாவில் இந்தியத் தூதராகவும் இருந்தார்.

அடுத்தது 1953 அக்டோபர், அச்சிங்மோரி. இதை ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். தாகின் மக்களின் ஊர் ஒன்றில் முகாமிட்டிருந்த அஸ்ஸாம் ரைபிள்ஸ் குழுவும் சுமைகாரர்களும் தாக்கப்பட்டு 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். விமானத்திலிருந்து குண்டு போட வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நேரு மறுத்துவிட்டார். படை போனது, ஆனால் ஊரைக் கொளுத்தவில்லை. குற்றம் செய்தவர்களைப் பிடித்து, காட்டுக்குள்ளேயே விசாரணை வைத்துத் தண்டித்தார்கள். 1911-ல் கெபாங் எரிந்ததையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் 42 வருடம்தான். நான் இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

1954-ல் நேபா என்ற பெயர் வந்தது. காமெங், சுபன்சிரி, சியாங், லோஹித், திராப், துயென்சாங் என ஆறு எல்லைப்புறப் பிரிவுகள். முதல் ஐந்தும் ஆற்றின் பெயர்கள். துயென்சாங் 1957-ல் பிரிந்து நாகா பக்கம் போய்விட்டது.

பதிவு 11 · செங்கோடன்

ஒரு நிமிஷம். இதை எந்த அமைச்சகம் பாத்துக்கிச்சுன்னு தேடினா வெளியுறவு அமைச்சகம்னு வருது. தப்பா?

பதிவு 12 · குறிஞ்சிநிலம்

தப்பில்லை. 1965 வரை வெளியுறவு அமைச்சகம்தான். அஸ்ஸாம் கவர்னர் குடியரசுத் தலைவரின் முகவராக இருந்து நடத்துவார். தலைமைச் செயலகம் ஷில்லாங்கில், அதாவது நேபாவுக்கு வெளியே. போம்டிலாவில் ஒருவருக்குக் குறை இருந்தால் அதற்கான கோப்பு ஷில்லாங்கில் இருக்கும், அமைச்சர் வெளிநாட்டு விவகாரத்துக்கான அமைச்சராக இருப்பார். இட்டாநகருக்குத் தலைநகர் வந்ததே 1974-ல்தான்.

பதிவு 13 · செங்கோடன்

இதைத்தான் நான் கேக்கறேன்! சொந்த குடிமக்களை வெளியுறவுத் துறை பாத்துக்கிட்டா அது என்ன ஆட்சி? ஓட்டு உண்டா? 1952-ல நம்ம பாட்டன் பாட்டி எல்லாம் வரிசையில நின்னு ஓட்டு போட்டாங்களே, அவங்க?

பதிவு 14 · குறிஞ்சிநிலம்

போடவில்லை. அரசியல் சாசனத்தின் ஆறாவது அட்டவணையில் அந்தப் பகுதி தனியாக வைக்கப்பட்டது. மக்களவையில் நேபாவுக்கு ஒரு உறுப்பினர் இருந்தார், ஆனால் குடியரசுத் தலைவர் நியமித்தவர். 1952-ல் சௌகாமூன் கோஹைன். 57, 62, 67, 71 தேர்தல்கள் எல்லாம் நாடு முழுக்க நடந்தன, அங்கே நடக்கவில்லை. முதல் மக்களவை ஓட்டு 1977-ல்.

இந்த இழையை நான் தொடங்கியதே இந்த ஒரு வரியில் வந்து நிற்கத்தான் போலிருக்கிறது. 1962-ல் அந்த மண்ணுக்காக நம் பாட்டிகள் வளையல் கழற்றினார்கள். அண்ணா திராவிட நாட்டுக் கோரிக்கையை ஒதுக்கி வைத்ததில் அந்தப் போருக்குப் பங்குண்டு. நாடே அந்த நிலத்துக்காகப் பதறியது. அந்த நிலத்தின் மனிதனுக்கு ஓட்டுச்சீட்டு வர அதற்கப்புறம் 15 வருடம் ஆனது. எல்லைக்கோட்டின் வரலாறாகவே இதை எழுதிக்கொண்டிருந்தால் இந்த 15 வருடம் கண்ணில் படவே படாது.

பதிவு 15 · ரேணுகா_மதுரை

உங்கள் இருவரின் ஆத்திரமும் நியாயம். ஆனால் மறுபக்கமும் எழுத வேண்டும்.

வெரியர் எல்வின் 1954-ல் பழங்குடி விவகார ஆலோசகராக ஷில்லாங் வந்தார். ஆங்கிலேயர். 1927-ல் மதப்பணிக்காக இந்தியா வந்து, காந்தியோடு சேர்ந்து, பிறகு திருச்சபையை விட்டு, மத்திய இந்தியாவின் கோண்டு ஊர்களில் வாழ்ந்தவர். இந்தியக் குடியுரிமை வாங்கியவர். சமவெளிக் கந்துவட்டிக்காரனும் சாராயக் கடைக்காரனும் நிலம் பிடிப்பவனும் கோண்டுகளை என்ன செய்தார்கள் என்பதைக் கண்ணால் பார்த்தவர். நேபாவில் அது நடக்கக்கூடாது என்பதுதான் அவருடைய ஒரே பிடிவாதம்.

நேபா நிர்வாகத்துக்கென்றே அவர் எழுதிய புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு நேரு முன்னுரை எழுதினார். அதில் ஐந்து கொள்கைகள். அவர்கள் தங்கள் இயல்புப்படியே வளரட்டும், எதையும் திணிக்காதீர்கள். நிலத்திலும் காட்டிலும் அவர்கள் உரிமையைக் காப்பாற்றுங்கள். நிர்வாகத்துக்கு அவர்களிலிருந்தே ஆட்களைத் தயார் செய்யுங்கள். அளவுக்கு மீறி நிர்வாகம் பண்ணாதீர்கள். பலனைப் புள்ளிவிவரத்தாலும் செலவழித்த பணத்தாலும் அளக்காதீர்கள், மனிதர்கள் எப்படி ஆனார்கள் என்று பாருங்கள்.

ஓட்டு இல்லாத 30 வருடத்தில் நிலம் கைமாறவில்லை, செங்கோடன். வெளியாள் நிலம் வாங்க முடியவில்லை. 1945-ல் வந்த ஒழுங்குமுறை ஊர்ச்சபையின் நீதியைச் சட்டமாகவே ஏற்றுக்கொண்டது. நாட்டின் மற்ற பழங்குடிப் பகுதிகளில் 1952-லிருந்தே ஓட்டு இருந்தது. நிலம் இருந்ததா? ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் போய்க் கேட்டுப் பாருங்கள்.

பதிவு 16 · செங்கோடன்

அக்கா, நல்ல கேள்வி, எங்கிட்ட பதில் இல்ல. ஆனா நிலமா ஓட்டான்னு ஒருத்தனை தேர்வு பண்ண சொல்றதே தப்புன்னுதான் படுது. ரெண்டும் அவனோடது.

பதிவு 17 · ரேணுகா_மதுரை

ஒத்துக்கொள்கிறேன். அங்கிருந்த மக்களும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். 1964-ல் தயிங் எரிங் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். எரிங் பாசிகாட் பக்கத்து ஆதி, அப்போது நேபாவின் நியமன உறுப்பினர். குழு மேலிருந்து சட்டசபையைக் கொண்டுவந்து இறக்கச் சொல்லவில்லை. ஊரில் சபை ஏற்கெனவே இருக்கிறது, அதன்மேலே கட்டுங்கள் என்றது. ஊருக்குக் கிராம பஞ்சாயத்து, அதற்கு மேலே வட்டாரத்துக்கு ‘ஆஞ்சல் சமிதி’, மாவட்டத்துக்கு ஜில்லா பரிஷத், எல்லாவற்றுக்கும் மேலே முகமை மன்றம். 1967-ல் சட்டம், 1969-ல் மன்றம். 72-ல் அது பிரதேச மன்றம் ஆனது. 75 ஆகஸ்ட் 15-ல் தற்காலிகச் சட்டசபை ஆனது, பிரேம் காண்டு துங்கன் முதல்வரானார். 78-ல் 30 இடங்களுக்கு முதல் சட்டசபைத் தேர்தல். இந்தப் படிக்கட்டில் முதல் படி கெபாங் என்ற ஊர்ச்சபை. மற்ற மாநிலங்களில் சட்டசபை முதலில் வந்தது, பஞ்சாயத்துக்கு உயிர் வர 1990-கள் ஆனது. அங்கே தலைகீழ்.

எரிங் 1970-ல் காலமாகிவிட்டார். மாநிலத்தை அவர் பார்க்கவில்லை.

பதிவு 18 · பயணி_நெல்லை

ஒரு சின்ன சந்தேகம். அருணாச்சலம்னா நமக்கு திருவண்ணாமலை. அங்க எப்படி அந்த பேர்? இங்க இருந்து போனதா?

பதிவு 19 · குறிஞ்சிநிலம்

இங்கிருந்து போகவில்லை. சொல் ஒன்று, மலை வேறு. அருணம் செந்நிறம், விடியலின் நிறம். அசலம் மலை. திருவண்ணாமலைக்கு அது நெருப்பின் சிவப்பு, அவர்களுக்கு இந்தியாவின் முதல் வெயில் விழும் சிவப்பு. நேபாவின் ஆராய்ச்சித் துறை இயக்குநராக இருந்த பிபாபசு தாஸ் சாஸ்திரி முன்மொழிந்த பெயர் என்று சொல்கிறார்கள். சமஸ்கிருதப் பெயரை மோன்பாவும் ஆதியும் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று ஐயாவிடம் கேட்க வேண்டும்.

உண்மையான தமிழ்நாட்டுத் தொடர்பு ஒன்று உண்டு. கன்னியாகுமரியில் தலைமையிடம் கொண்ட விவேகானந்த கேந்திரம் 1977 முதல் அங்கே பள்ளிகள் நடத்துகிறது. அதில் படித்த பலர் இன்று அங்கே பொறுப்பான இடங்களில் இருக்கிறார்கள்.

பதிவு 20 · ஓய்வுபெற்றவன்_வேலூர்

தம்பி, பேரைப் பற்றி அவர்கள் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. அவர்களுக்கு ஊர்ப் பேரும் குலப் பேரும்தான் பெரிது.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் பாதி ஊர்களுக்குச் சோறு மேலேயிருந்துதான் விழும். டகோட்டா விமானம் பள்ளத்தாக்குக்குள் தாழ வந்து, பின்னால் கதவு வழியாக மூட்டையைத் தள்ளுவார்கள். பாராசூட் எல்லாம் கிடையாது, வெறுமனே விழும். ஒரு கோணிக்குள் இன்னொரு கோணி, உள்ளே அரைவாசிதான் நிரப்பியிருக்கும். உள்கோணி கிழிந்தாலும் வெளிக்கோணி தாங்கும். உப்பு மூட்டை விழுகிற நாளில் பெண்டுபிள்ளைகள் எல்லாம் மைதானத்தைச் சுற்றி நிற்பார்கள். மூட்டையை எடுத்த பிறகு சிந்தின உப்பைப் புல்லோடு சேர்த்து அள்ளி இலையில் கட்டுவார்கள். முன்னே அந்த உப்புக்காகத் திபெத்துக் கணவாய் ஏறிப் போய் வந்தவர்கள் அவர்கள். கணவாய் அடைத்த பிறகு உப்புக்கு வானத்தைப் பார்த்தார்கள். அரசாங்கம் என்றால் அவர்களுக்கு முதலில் உப்பு. அப்புறம்தான் மற்றது.

ஓட்டைப் பற்றி வாதம் நடப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 77 மார்ச். எங்கள் வயர்லெஸ் செட்டைப் பாசிகாட்டுக்கு மேலே ஒரு ஊரில் வைத்திருந்தோம். தேர்தல் பார்ட்டி நடந்தே வந்தது. ஓட்டுப்பெட்டியை ஒரு ஆள் முதுகில் கூடையில் வைத்து, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு ஏறினான். மழை பிடித்துக்கொண்டது. பெட்டிமேல் தன் பனையோலைக் குடையைப் போட்டு மூடிவிட்டு அவன் நனைந்துகொண்டே வந்தான்.

மறுநாள் ஒரு காவ்ன்பூரா வந்தார். ஊர்ப்பெரியவர், சிவப்புக் கோட்டு, வயது எழுபதுக்கு மேல் இருக்கும். இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறார். விரலில் மை வைத்ததும் அதைத் துடைக்கப் போனார், அழியவில்லை. துபாஷியிடம் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். ‘இந்தச் சிப்பாய் எங்கே ஓட்டுப் போடுவான் என்று கேட்கிறார்’ என்றான் துபாஷி. எனக்குத் தபாலில் வரும், என் ஊர் தெற்கே கடைசியில் இருக்கிறது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ‘அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு அவன் ஊருக்கு யார் வேண்டும் என்று சொல்ல முடிகிறதா, அப்படியானால் நாங்கள் டெல்லிக்கு யார் வேண்டும் என்று சொல்வதில் அதிசயம் இல்லை’ என்றாராம். என் கையைப் பிடித்து விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மை இருக்கிறதா என்று.

அந்தத் தொகுதியில் பாகின் பெர்டின் என்பவர் சுயேச்சையாக நின்று ஜெயித்தார். ஆளுங்கட்சி ஆள் இல்லை. அந்தத் தொகுதி முதல் தடவையாக மக்களவைக்கு ஓட்டுப் போட்டு, தன் இஷ்டத்துக்குப் போட்டது. முடிவு வயர்லெஸில் வந்தபோது காதில் ஹெட்போன் மாட்டியிருந்தவன் நான்தான்.

பதிவு 21 · செங்கோடன்

ஐயா, உங்க காலைத் தொட்டுக் கும்பிடறேன். இதுக்கு மேல நான் வாதம் பண்ண ஒண்ணும் இல்ல.

பதிவு 22 · ரேணுகா_மதுரை

ஐயா, இதையெல்லாம் எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் போனில் சொல்லுங்கள், நான் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துவிடுகிறேன். ஞாயிறு காலையில் எனக்குப் பள்ளி கிடையாது. அந்த ஊரின் பெயரும் காவ்ன்பூராவின் குலப்பெயரும் நினைவிருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். அவருடைய பேரப்பிள்ளைகள் அங்கே இருப்பார்கள், அவர்களுக்கு அனுப்பலாம்.

பதிவு 23 · ஓய்வுபெற்றவன்_வேலூர்

எழுதி வைக்கவில்லை அம்மா. ஞாயிறு பத்து மணிக்கு மேல் கூப்பிடு. கண் சரியாகத் தெரியவில்லை, குறிஞ்சி தம்பியையும் அந்த அட்லஸோடு சேர்ந்துகொள்ளச் சொல். பாசிகாட்டிலிருந்து மேலே சியாங் வலப்பக்கம் திரும்புகிற இடத்தை அவன் வாசித்தால், ஊர் எது என்று நான் சொல்லிவிடுவேன்.